டெண்டர் (நீராவி எஞ்சின்)

இக்கட்டுரை நீராவித் தொடர்வண்டி எஞ்சினின் துணை வண்டியைப் பற்றியது. ஒப்பந்தப்புள்ளி என்னும் பொருளில் வழங்கும் டெண்டர் வேறு.

டெண்டர் என்பது நீராவித் தொடர்வண்டி எஞ்சினுடன் நிலையாக இணைக்கப்பட்டு, அதற்குத் தேவையான நீரையும் எரிபொருளையும் சுமந்து செல்லும் வண்டி ஆகும். எரிபொருளாக நிலக்கரி, விறகு, எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்று பயன்படுத்தப்பட்டது. டெண்டருக்குத் தனி இயக்க ஆற்றல் இல்லை. எனினும் ஓர் எஞ்சின் எங்கும் நிற்காமல் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. நிலக்கரி தீர்வதற்கு நெடுநேரம் முன்னதாகவே நீர் தீர்ந்துவிடும் என்பதால், டெண்டரின் அளவும் வடிவமும் பெரும்பாலும் நீரையொட்டியே அமைந்தன. நீர் அரிதாகவும் மண் நெகிழ்வாகவும் உள்ள நிலப்பகுதிகளில் இச்சிக்கல் கூடுதலாக வெளிப்பட்டது. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட தென் தமிழகக் கரிசல் நிலத்தின் ஊடாகச் செல்லும் மதுரை–தூத்துக்குடி பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அமைப்பு

டெண்டரில் நான்கு முதன்மைப் பகுதிகள் உள்ளன: நீர்த்தொட்டி, எரிபொருள் அறை, சக்கரங்களுடன் கூடிய அடிச்சட்டம், எஞ்சினுடன் இணைக்கும் உறுப்புகள்.

நீர்த்தொட்டி

எஃகுத் தகடுகளால் செய்யப்பட்ட நீர்த்தொட்டி, மேலிருந்து பார்க்கும்போது பெரும்பாலும் குதிரை லாட வடிவில் இருக்கும். லாடத்தின் இரு கைகளும் எஞ்சினை நோக்கி நீண்டிருக்கும். இடையிலுள்ள வெற்றிடத்தில் நிலக்கரி நிரப்பப்படும். தொட்டியின் பின்பகுதி மேற்புறத்தில் மூடியுடன் கூடிய நீர் நிரப்பும் வாய் உண்டு. நிலையத்திலுள்ள நீர்க்கம்பத்தின் சுழலும் கையை இவ்வாயின் மேல் கொண்டுவந்து நீர் பிடிப்பர்.

வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் தொட்டியிலுள்ள பல டன் நீர் முன்னும் பின்னும் அலைமோதும். இது வண்டியை உலுக்குவதோடு தகடுகளின் இணைப்புகளையும் தளர்த்திவிடும். இதைத் தடுக்கத் தொட்டியினுள் துளைகளுள்ள அலைதடுப்புத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. தொட்டியின் அடியில் வடிகட்டியுடன் கூடிய அடைப்பிதழ்கள் இருக்கும். அங்கிருந்து வளையும் குழாய்கள் வழியாக நீர் எஞ்சினின் இன்ஜெக்டருக்குச் செல்லும். இன்ஜெக்டர் என்பது நீராவியின் விசையைக் கொண்டே நீரைக் கொதிகலனுக்குள் செலுத்தும் கருவி. இதனைப் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஆன்ரி ஜிஃபார் 1858-இல் உருவாக்கினார்.

எரிபொருள் அறை

நிலக்கரி அறையின் தரை எஞ்சினை நோக்கிச் சரிவாக அமைக்கப்படும். நிலக்கரி தன் எடையாலேயே முன்னோக்கி நழுவி ஃபயர்மேனின் கைக்கு எட்டும் இடத்தில் சேர இச்சரிவு உதவுகிறது. சரிவைக் கூட்டினால் நிலக்கரி நன்கு நழுவும். ஆனால் சரிவுக்கு அடியிலும் பக்கங்களிலும் நீருக்கும் கரிக்கும் கிடைக்கும் இடப் பங்கீடு மாறும். எரிபொருளுக்கும் நீருக்கும் இடையேயான போட்டி இங்கேயே தொடங்குகிறது.

அடிச்சட்டமும் சக்கரங்களும்

தொடக்ககால டெண்டர்களில் இரண்டு அல்லது மூன்று அச்சுகள் நேரடியாக அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. டெண்டரின் எடை கூடியபோது, இரண்டு அச்சுகள் கொண்ட போகிகள் இரண்டைப் பொருத்தும் முறை பரவியது. எடை நான்கு அச்சுகளில் பகிரப்படுவதாலும் போகிகள் வளைவுகளில் எளிதில் திரும்புவதாலும் இலேசான தண்டவாளங்கள் கொண்ட பாதைகளுக்கு இது ஏற்றதாயிற்று.

டெண்டரின் எடை பயணத்தின்போது குறைந்துகொண்டே வருவது இதன் தனித்தன்மை. புறப்படும்போது நிறைசுமையுடன் இருக்கும் வண்டி, நீர் பிடிக்கும் நிலையத்தை அடையும்போது ஏறத்தாழ வெறும் வண்டியாகிவிடும். நிறைசுமைக்கு ஏற்பத் தடையை அமைத்தால், சுமை குறைந்த நிலையில் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் வழுக்கும். எனவே தடைவிசை குறைந்த எடையைக் கருத்தில் கொண்டே கணக்கிடப்படுகிறது.

இணைப்பு

எஞ்சினும் டெண்டரும் பெட்டிகளைப் போல அவ்வப்போது கழற்றி மாட்டும் கொக்கிகளால் இணைக்கப்படுவதில்லை. கனமான இழுதண்டு ஒன்றும் காப்புச் சங்கிலிகளும் இவற்றை இணைக்கும். பணிமனையில் மட்டுமே இவை பிரிக்கப்படும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை மூடும் அசையும் தகட்டின் மீது நின்றுதான் ஃபயர்மேன் கரி அள்ளிப் போடுவார்.

நீருக்கும் நிலக்கரிக்கும் உள்ள விகிதம்

நடுத்தரமான நிலக்கரி 1 கிலோகிராம் எரிந்தால், எஞ்சின் கொதிகலனில் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோகிராம் நீர் ஆவியாகும். பெரும்பாலான எஞ்சின்களில் இந்த ஆவி உருளைகளில் வேலை செய்தபின் புகைபோக்கி வழியாக வானில் கலந்துவிடும்; மீண்டும் கிடைக்காது. எனவே 10 டன் நிலக்கரியை முழுமையாகப் பயன்படுத்த 60 முதல் 70 டன் நீர் தேவை. அவ்வளவு நீரைச் சுமக்கும் டெண்டர் இலேசான பாதையில் ஓட முடியாது.

இந்தியாவின் மீட்டர் பாதையில் பரவலாக ஓடிய ஒய்.பி. வகை எஞ்சினின் டெண்டர் ஏறத்தாழ 10 டன் நிலக்கரியையும் 13,600 லிட்டர் நீரையும் கொள்ளும். 13,600 லிட்டர் நீரை ஆவியாக்க 2 முதல் 2.3 டன் நிலக்கரி போதும். அதாவது ஒருமுறை நிரப்பிய நிலக்கரி தீர்வதற்குள் நீரை நான்கு அல்லது ஐந்து முறை நிரப்ப வேண்டும். நிலக்கரியை எஞ்சின் கொட்டகையில் (லோகோ ஷெட்) மட்டும் ஏற்றிக்கொண்டால் போதும். நீரோ வழியெங்கும் கிடைத்தாக வேண்டும். ஒரு பாதையில் எஞ்சின்கள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில் நீர்க் கிடைப்புக்குப் பெரும் பங்கு இருந்ததற்கு இதுவே காரணம்.

நீர் தீர்ந்துபோவது வெறும் தாமதமன்று. கொதிகலனில் நீர்மட்டம் எரியறையின் கூரைக்குக் கீழே இறங்கினால் கூரைத் தகடு செம்பழுப்பாகக் காய்ந்து வலுவிழக்கும். கொதிகலன் வெடிக்கவும் கூடும். இதனைத் தவிர்க்க எரியறைக் கூரையில் ஈயம் அடைத்த திருகுகள் பொருத்தப்பட்டன. நீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி எரியறைக்குள் பாய்ந்து ஆபத்தை அறிவிக்கும். டெண்டர் வற்றும் நிலையில் நெருப்பைக் கொட்டிவிட்டு வண்டியை நடுவழியில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

டெண்டர் எஞ்சினும் தொட்டி எஞ்சினும்

நீரையும் எரிபொருளையும் தன் உடலிலேயே சுமக்கும் எஞ்சின் தொட்டி எஞ்சின் எனப்படும். இதன் நீர்த்தொட்டிகள் கொதிகலனின் இருபுறமோ, மேலோ, சட்டங்களுக்கு இடையிலோ இருக்கும். சென்னை பெரம்பூர் பணிமனையில் 2010-இல் மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்ட, 1855-இல் கட்டப்பட்ட இ.ஐ.ஆர்.-21 எஞ்சின் இவ்வகையைச் சேர்ந்தது. நீலகிரி மலை இரயில் பாதையின் எக்ஸ் வகை எஞ்சின்களும் தொட்டி எஞ்சின்களே.

- தொட்டி எஞ்சினில் நீரின் எடை இயக்குசக்கரங்களின் பிடிமானத்திற்கு உதவுகிறது. நீர் குறையக் குறைய அப்பிடிமானமும் குறைகிறது.
- டெண்டர் எஞ்சினில் இயக்குசக்கரங்களின் மீதுள்ள எடை பெரிதும் மாறாது. ஆனால் டெண்டரின் எடை முழுவதும் இழுக்கப்பட வேண்டிய சுமையாகிறது.
- தொட்டி எஞ்சின் இருதிசையிலும் எளிதாக ஓடும். டெண்டர் எஞ்சினைத் திருப்பச் சுழல்மேடையோ முக்கோணப் பாதையோ தேவை. டெண்டரை முன்னால் விட்டு ஓட்டினால் பார்வை மறையும். கரித்தூளும் கண்ணில் விழும்.
- குறைந்த தொலைவுக்கும் மலைப்பாதைக்கும் தொட்டி எஞ்சின் ஏற்றது. நெடுந்தொலைவுக்கு டெண்டர் எஞ்சின் ஏற்றது.

தோற்றம்

1829-இல் ஸ்டீபன்சன் உருவாக்கிய ராக்கெட் எஞ்சினின் டெண்டர், பீப்பாய் ஒன்றை ஏற்றிய சிறு நான்கு சக்கர வண்டியாகவே இருந்தது. அதனைக் கட்டியவர் நத்தானியல் உவோர்ஸ்டெல் என்னும் கோச்சு வண்டித் தொழிலர். பின்னர் எஞ்சின்களின் ஆற்றல் கூடக் கூட, பீப்பாயின் இடத்தில் தகட்டுத் தொட்டியும், மரச்சட்டத்தின் இடத்தில் இரும்புச் சட்டமும் வந்தன. தெற்கு மாகாணங்களில் தொடர்வண்டி அறிமுகமானபோது டெண்டரின் அடிப்படை வடிவம் ஏறத்தாழ முழுமை பெற்றிருந்தது.

கரிசல் நிலத்தில்

பாதை

நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளி பாதையை அமைத்த கிரேட் சதர்ன் ஆப் இந்தியா நிறுவனமும் கர்நாடிக் நிறுவனமும் 1874-இல் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயின. அந்நிறுவனத்தின் மதுரை–தூத்துக்குடி மீட்டர் பாதை 1876 சனவரி 1 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 160 கி.மீ. நீளமுள்ள இப்பாதை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகச் செல்கிறது. கரிசல் நிலத்தின் பருத்தியைத் தூத்துக்குடித் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வது இதன் முக்கியப் பயன்களுள் ஒன்று. பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்படும் வரை, கொழும்புக்குக் கப்பலேறும் பயணிகளைச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த அஞ்சல் வண்டியும் கோவில்பட்டி வழியாகவே ஓடியது.

மண்

கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். இம்மண்ணால் அமைந்த மேட்டின் மீது தண்டவாளம் இடும்போது, மழைக்காலத்தில் ஜல்லிக் கற்கள் மண்ணுக்குள் புதைவதும் தண்டவாள மட்டம் சீரற்றுப் போவதும் இயல்பு. மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே சரளை மண் அடுக்கு ஒன்றை இடுவது இதற்குப் பொதுவாகக் கையாளப்படும் தீர்வாகும்.

இத்தகைய பாதையில் ஓர் அச்சு தாங்கும் எடை, அதாவது அச்சுப் பளு, முக்கியக் கட்டுப்பாடாகும். 1 கன மீட்டர் நீரின் எடை 1 டன். நான்கு அச்சு டெண்டர் ஒன்றின் தொட்டியை 4 கன மீட்டர் பெரிதாக்கினால் ஒவ்வோர் அச்சிலும் 1 டன் கூடும். தொட்டித் தகட்டின் எடை தனி. எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்கும் பாதை, நீர் நிறைந்த டெண்டருக்கு ஏற்றதாக இல்லாமற் போகலாம். எனவே வறண்ட நிலத்தில் பெரிய தொட்டி தேவைப்பட்டபோதும், அந்நிலத்தின் மண்ணும் இலேசான தண்டவாளமும் அதனை மறுத்தன.

நீர்

வடக்கே வைப்பாற்றுக்கும் தெற்கே தாமிரபரணிக்கும் இடையிலுள்ள இப்பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வைப்பாறும் மழைக்காலத்து ஆறே. ஆண்டு மழையளவு மாநிலச் சராசரியைவிடக் குறைவு. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் பெய்துவிடும். ஊருணிகளிலும் கண்மாய்களிலும் தேங்கும் மழைநீரே மக்களுக்கும் கால்நடைகளுக்கும் நெடுங்காலமாக ஆதாரமாக இருந்தது. ஒய்.பி. எஞ்சின் ஒன்றின் தொட்டியை ஒருமுறை நிரப்பத் தேவையான 13,600 லிட்டர், 15 லிட்டர் குடங்களில் 900-க்கும் மேல் ஆகும்.

நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியமானது. கரிசல் நிலத்துக் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். அத்தகைய நீரைக் கொதிகலனில் இட்டால் இருவகைத் தீங்குகள் நேரும்.

- உப்புப் படிவு: சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் குழாய்களின் மீது ஓடாகப் படியும். இந்த ஓடு வெப்பத்தைத் தடுப்பதால் நிலக்கரிச் செலவு கூடும். தகடு அளவுக்கு மீறிச் சூடாகி விரிசல் காணும்.
- நுரைத்தல்: கரைந்த உப்புகளின் செறிவு மிகும்போது கொதிநீர் நுரைத்துப் பொங்கி நீராவியோடு உருளைக்குள் செல்லும். நீர் அமுங்காது என்பதால் உருளையின் மூடி உடையவும் வாய்ப்புண்டு.

கண்மாய் நீர் உப்புக் குறைந்தது, ஆனால் கலங்கலானது. ஆகவே நிலையத் தொட்டியில் நீரைத் தெளிய வைப்பதும், சோடா உப்பு முதலியவற்றைச் சேர்ப்பதும், கொதிகலனைக் குறித்த காலத்தில் கழுவுவதும் நீராவிப் போக்குவரத்தில் வழக்கமான பணிகளாயின.

வெயிலும் ஒரு காரணியாகும். நீர் ஏறத்தாழ 50 பாகை செல்சியசை நெருங்கும்போது எளிய இன்ஜெக்டர்கள் சரிவர இயங்கா. கோடை வெயிலில் பல மணி நேரம் நிற்கும் டெண்டரின் எஃகுத் தொட்டி சூடேறுவது ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றாக இருந்தது.

எரிபொருள்

தென்னிந்தியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் அருகில் இல்லாததால், தொடக்கத்தில் தொடர்வண்டிகள் பெருமளவு விறகையே எரித்தன. சென்னை மாகாணக் கடலோரத்தில் 1860கள் முதல் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு இத்தேவை ஒரு முக்கியக் காரணம். ஒரே எடையுள்ள நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியையே விறகு தரும். இடத்தையும் மிகுதியாக அடைக்கும். எனவே விறகு எரிக்கும் எஞ்சின்களின் டெண்டர்களில் பக்கச் சுவர்களின் மேல் கம்பித் தடுப்புகளை உயர்த்தி, விறகை அடுக்கி வைப்பர்.

பின்னர் வங்காளத்திலிருந்தும் சிங்கரேணியிலிருந்தும் நிலக்கரி வந்தது. அகலப்பாதையில் வந்த கரியை மீட்டர் பாதை வண்டிகளுக்கு மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஆகையால் ஒரே வேலைக்குக் கூடுதல் கரி தேவைப்பட்டு, டெண்டரின் கரி அறையும் பெரிதாக்கப்பட்டது.

ஒய்.பி., ஒய்.ஜி. வகை டெண்டர்கள்

இந்திய எஞ்சின் வகைப் பெயர்களில் ஒய் என்பது மீட்டர் பாதையையும், பி என்பது பயணிகள் வண்டியையும், ஜி என்பது சரக்கு வண்டியையும், எல் என்பது இலேசான வகையையும் குறிக்கும். 1949 முதல் 1970 வரை 871 ஒய்.பி. எஞ்சின்கள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் பால்டுவின், ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், செருமனியின் கிரவுஸ்–மாஃபை ஆகிய நிறுவனங்களும், ஜாம்ஷெட்பூரின் டெல்கோ நிறுவனமும் இவற்றைக் கட்டின. ஒய்.பி., ஒய்.ஜி. ஆகிய இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றே. சக்கரங்களின் அளவு வேறு, ஒய்.பி.-யின் இயக்குசக்கர விட்டம் 1,372 மி.மீ., ஒய்.ஜி.-யின் விட்டம் 1,219 மி.மீ.

இவை 10.5 டன் அச்சுப் பளுவுக்கு வடிவமைக்கப்பட்டவை. டெண்டர் இரண்டு போகிகளில், நான்கு அச்சுகளின் மீது அமைந்தது. நீரும் கரியும் நிறைந்த நிலையில் டெண்டரின் எடை 40 டன்னைச் சற்றே தாண்டும். அதாவது டெண்டரின் ஒவ்வோர் அச்சும் எஞ்சினின் இயக்கு அச்சுக்கு ஏறத்தாழ இணையான எடையைத் தாங்கியது. பாதை அனுமதித்த எல்லை வரை நீரும் கரியும் ஏற்றப்பட்டன என்பதை இது காட்டுகிறது. இன்னும் இலேசான கிளைப் பாதைகளுக்கு ஒய்.எல். வகை உருவாக்கப்பட்டது.

மாற்றியமைப்புகள்

டெண்டரின் குறைகளைப் போக்க உலகெங்கும் பல மாற்றங்கள் செய்து பார்க்கப்பட்டன.

- ஓடும்போதே நீர் பிடித்தல்: 1860-இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் ஜான் ராம்ஸ்பாட்டம், தண்டவாளங்களுக்கு இடையே நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, டெண்டரின் அடியிலிருந்து இறக்கப்படும் வாரியின் மூலம் ஓடும் வேகத்திலேயே நீரை மேலேற்றும் முறையை உருவாக்கினார். இதற்குச் சமதளமான நீண்ட பாதையும் தடையற்ற நீர் வரத்தும் தேவை.
- உருளை வடிவத் தொட்டி: அமெரிக்காவின் கார்னீலியசு வாண்டர்பில்ட் 1900களின் தொடக்கத்தில் உருளை வடிவத் தொட்டியை அறிமுகப்படுத்தினார். நீரின் அழுத்தத்தைத் தாங்க உருளைக்குக் குறைந்த எஃகே போதும் என்பதால் டெண்டரின் வெறும் எடை குறைந்தது.
- நடைவழி டெண்டர்: இலண்டன்–எடின்பரோ இடையே 1928 மே 1 முதல் நிற்காமல் ஓடிய பிளையிங் ஸ்காட்ஸ்மன் வண்டிக்காக, உட்புறம் குறுகிய நடைவழி கொண்ட டெண்டர்கள் கட்டப்பட்டன. பணியாளர்கள் பாதி வழியில் வண்டியை நிறுத்தாமலேயே இடம் மாறிக்கொள்ள முடிந்தது.
- கரி தள்ளிகளும் இயந்திர ஊட்டிகளும்: நீராவியால் இயங்கும் தள்ளுகருவி கரியை முன்னே நகர்த்தும். அமெரிக்காவின் பெரிய எஞ்சின்களில் திருகு வடிவத் தண்டு ஒன்று கரியை டெண்டரிலிருந்து நேரே எரியறைக்குக் கொண்டு சென்றது.
- எண்ணெய் எரிப்பு: கரி அறையில் எண்ணெய்த் தொட்டியைப் பொருத்தி, கெட்டியான எண்ணெயை இளக்க நீராவிச் சுருள்குழாய் அமைப்பர். தமிழர் பலர் பணியாற்றிய மலாயா தொடர்வண்டித் துறையின் 56 வகை மீட்டர் பாதை எஞ்சின்கள் 1950களில் இவ்வாறு மாற்றப்பட்டன.
- துணை நீர் டெண்டர்: டெண்டருக்குப் பின் நீர் மட்டும் சுமக்கும் மற்றொரு வண்டியை இணைத்தல். நீர்க்கம்பங்கள் அகற்றப்பட்ட காலத்தில் ஓடும் பாரம்பரிய எஞ்சின்களுக்கு இது பெரிதும் பயன்பட்டது.
- நீர்த் தூய்மையாக்கம்: பிரான்சில் லூயி ஆர்மாண்டு உருவாக்கிய முறையில், டெண்டரிலேயே வேதிப்பொருள் அளவாகக் கலக்கப்பட்டு உப்புப் படிவு தடுக்கப்பட்டது. கடின நீர்ப் பகுதிகளில் கொதிகலனின் ஆயுளை இது நீட்டித்தது.

ஆவியைக் குளிர்விக்கும் டெண்டர்

வறண்ட நிலத்திற்கான மிகத் துணிவான மாற்றம் தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்டது. காரூ என்னும் அரைப்பாலை நிலத்தைக் கடக்கும் பாதைக்காக 1953–1955 காலத்தில் 25 வகை எஞ்சின்கள் 90 வாங்கப்பட்டன. செருமனியின் ஹென்ஷெல் நிறுவன வடிவமைப்பின்படி, பயன்பட்ட நீராவி புகைபோக்கி வழியாக வெளியேறாமல் டெண்டருக்குத் திருப்பப்பட்டது. அங்கு பெரிய விசிறிகள் காற்றைச் செலுத்தக் குழாய்த் தொகுதிகளில் ஆவி குளிர்ந்து நீராகி, மீண்டும் கொதிகலனுக்குச் சென்றது. இம்முறையில் 90 விழுக்காடு வரை நீர் மிச்சமானது. ஒருமுறை நிரப்பிய நீரில் ஏறத்தாழ 1,100 கி.மீ. ஓட முடிந்தது. டெண்டர் எஞ்சினைவிட நீளமானதாக இருந்தது.

இதற்கு விலையும் இருந்தது. ஆவி புகைபோக்கி வழியே செல்லாததால் நெருப்புக்குக் காற்றிழுக்கத் தனி ஊதுவிசிறி தேவைப்பட்டது. புகையோடு வரும் சாம்பல் துகள்கள் அதன் அலகுகளைத் தேய்த்தன. திரும்பி வரும் நீர் சூடாக இருந்ததால் இன்ஜெக்டருக்குப் பதிலாக எக்கிகள் வேண்டியிருந்தன. பராமரிப்புச் செலவு மிகுந்ததால் 1973–1980 காலத்தில் ஏறத்தாழ எல்லா எஞ்சின்களும் சாதாரண வகைக்கு மாற்றப்பட்டன. குளிர்விப்புக் கருவிகள் அகற்றப்பட்ட டெண்டர்களில் நீண்ட உருளைத் தொட்டிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் தோற்றம் கருதி, நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட நாயின் பெயரால் அவை அழைக்கப்பட்டன.

கரிசல் நிலமும் காரூவும் நீர் அரிதான பகுதிகள் என்றாலும் அவற்றின் தேவைகள் வேறுபட்டவை. காரூவில் நீர் கிடைக்கும் இடங்களுக்கு இடையே நெடுந்தொலைவு இருந்தது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான தொலைவோ 160 கி.மீ. மட்டுமே; இடையில் சந்திப்பு நிலையங்களும் உண்டு. சாம்பல் மிகுந்த நிலக்கரியும் ஊதுவிசிறிக்கு உகந்ததன்று. இத்தகைய பாதையில் நடுத்தர அளவுத் தொட்டியும், அடிக்கடி நின்று நீர் பிடிப்பதும், நிலையத்திலேயே நீரைச் சீர்செய்வதும் குறைந்த செலவில் முடியக்கூடியவை.

டெண்டரும் பணியாளர்களும்

இந்தியாவில் எஞ்சின் பணியாளர் குழுவில் பொதுவாக ஓட்டுநரும் இரண்டு ஃபயர்மேன்களும் இருந்தனர். முதல் ஃபயர்மேன் எரியறைக்குக் கரியிடுவார். இரண்டாமவர் டெண்டரின் மீது நின்று பெரிய கரிக்கட்டிகளை உடைத்து, பின்புறக் கரியை முன்னே தள்ளுவார். டெண்டர் காலியாகக் காலியாக இவ்வேலை கடினமாகும். பயணத்தின் கடைசிக் கட்டத்தில், உழைப்பாளர் களைத்திருக்கும் வேளையில்தான் கரி மிகத் தொலைவில் இருக்கும். கரித்தூள் பறக்காதிருக்க அதன் மேல் நீர் தெளிப்பதற்கென ஒரு குழாயும் உண்டு. வறண்ட பகுதிகளில் அந்நீரும் தொட்டிக் கணக்கிலேயே சேரும்.

முடிவுக்காலம்

தென்னிந்திய இரயில்வே 1944-இல் அரசுடைமையாகி, 1951 ஏப்ரல் 14 அன்று உருவான தென்னக இரயில்வேயின் பகுதியாயிற்று. 1960கள் முதல் ஒய்.டி.எம்.-4 வகை டீசல் எஞ்சின்கள் மீட்டர் பாதையில் பரவின. டீசல் எஞ்சினுக்கு வழியெங்கும் நீர் தேவையில்லை. வறண்ட பகுதிகளில் இது பெரிய நன்மையாகும். இந்திய அகலப்பாதையில் முறையான நீராவிப் போக்குவரத்து 1995 டிசம்பர் 6 அன்று முடிந்தது. மதுரை–தூத்துக்குடி, மணியாச்சி–திருநெல்வேலி மீட்டர் பாதைகள் 1990களில் அகலப்பாதைகளாக மாற்றப்பட்டன.

பணி நீங்கிய டெண்டர்கள் சில நாடுகளில் வேறு பயன்பாடு பெற்றன. பிரிட்டனில் அவை களைக்கொல்லி தெளிக்கும் வண்டிகளாகவும் பனி அகற்றும் வண்டிகளாகவும் மாற்றப்பட்டன. தமிழ்நாட்டில் நீராவி எஞ்சின் கட்டும் திறன் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் தொடர்ந்துள்ளது. நீலகிரி மலைப்பாதைக்கான புதிய எக்ஸ் வகை எஞ்சின்கள் 2010களில் எண்ணெய் எரிப்பு வகையாகவும், 2021-இல் நிலக்கரி எரிப்பு வகையாகவும் அங்கு கட்டப்பட்டன. அவை தொட்டி எஞ்சின்கள் என்பதால் டெண்டர் இல்லை. மலையேறும் வழியில் ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற நிலையங்களில் நின்று நீர் பிடிக்கின்றன.

சில டெண்டர்களின் கொள்ளளவு (ஏறத்தாழ)

- ஒய்.பி. (இந்தியா, மீட்டர் பாதை): நிலக்கரி 10 டன், நீர் 13,600 லிட்டர்
- டபிள்யூ.பி. (இந்தியா, அகலப்பாதை): நிலக்கரி 15 டன், நீர் 25,000 லிட்டர்
- 25 வகை, குளிர்விப்பு டெண்டர் (தென்னாப்பிரிக்கா): நிலக்கரி 19 டன், நீர் 20,000 லிட்டர்
- 25 வகை, குளிர்விப்பு இல்லாதது (தென்னாப்பிரிக்கா): நிலக்கரி 18 டன், நீர் 47,700 லிட்டர்
- பிக் பாய் (அமெரிக்கா, 1941): நிலக்கரி 25 டன், நீர் 90,800 லிட்டர்

பட்டியலின் மூன்றாம், நான்காம் வரிகளை ஒப்பிட்டால், ஆவியைக் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்தும்போது எவ்வளவு சிறிய தொட்டி போதும் என்பது விளங்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- நீராவிப் பொறி
- மீட்டர் பாதை
- தென்னிந்திய இரயில்வே
- நீலகிரி மலை இரயில் பாதை
- பொன்மலைப் பணிமனை
- கோவில்பட்டி
- கரிசல் மண்